'லெட்' என்னும் வினைச்சொல்

ஆங்கிலம் பயில்வோர் நாவில் நாடோறும் வழங்கும் வினைச்சொற்களுள் 'லெட்' என்பதும் ஒன்று. மூன்றே எழுத்தாலாய இச்சிறு சொல்லின் பொருள் யாதென வினவின், 'விடு', 'இடங்கொடு' என எளிதில் விடையிறுப்போம். ஒருவனைப் போக விடுதலும், வீட்டை வாடகைக்கு விடுதலும் இச்சொல்லாற் குறிக்கப்படும். நம் 'விடு' என்னும் வினையும் இவ்விரண்டிடத்தும் பொருந்துதல் நோக்கத்தக்கது. இறந்தகாலத்தும் இச்சொல் வடிவு திரியாது.

ஆயினும், 1611-ஆம் ஆண்டு வெளிவந்த ஆங்கில வேதாகமத்தைப் படிப்போர் ஓரிடத்தில் திகைப்பர். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் முதலதிகாரம் 13-ஆம் வசனத்தில், உரோமாபுரிக்கு வரப் பலமுறை எண்ணியும் இதுகாறும் இயலாது போயிற்று எனப் பவுல் கூறுகின்றார். அங்கு வந்துள்ள சொல் 'லெட்' என்பதே. இடங்கொடுக்கப்பட்டவர் வாராதிருத்தல் எங்ஙனம்? ஈண்டு அச்சொல்லுக்குத் 'தடு' என்பதே பொருள்.

ஒரு சொல் தன் மறுதலைப் பொருளையும் தருமோ? பண்டை ஆங்கிலத்தை ஆராயின் இவ்வையம் நீங்கும். அக்காலத்தில் விடுதற்பொருளில் 'லேட்டன்' எனவும், தடுத்தற்பொருளில் 'லெட்டன்' எனவும் இருவேறு வினைகள் வழங்கின. பின்னது, 'மெதுவான' எனப் பொருள்படும் சொல்லினின்று பிறந்து, 'தாமதிக்கச் செய்' என நின்றது. காலந்தாழ்ந்தமையைக் குறிக்கும் இன்றைய 'லேட்' என்பதும் அச்சொல்லின் வழிவந்ததே. நாளடைவில் ஈறுகள் தேய்ந்தமையின் இருவினையும் ஒருவடிவாயின. மிகப் பழங்காலத்தில் இவ்விரண்டும் 'தளரவிடுதல்' என்னும் ஒரே வேரினின்று கிளைத்தன என்பர் மொழிநூலார்.

ஒன்றற்கொன்று முரணிய இருபொருளும் ஒருவடிவில் நிலைத்தல் அரிது. தடுத்தற்பொருளுடையது மெல்ல வழக்கொழிந்தது. 1881-இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாட்டில், மேற்காட்டிய வசனத்தில் 'லெட்' நீக்கப்பட்டு, 'ஹிண்டர்' என்னும் வினை அமைந்தது. எனினும் பழஞ்சொல் முற்றும் மறையவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில், அதனை உடையவரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு வேண்டும் தொடரில் அஃது இன்றும் பெயர்ச்சொல்லாய் நிற்கின்றது. டென்னிஸ் ஆட்டத்தில், முதலடிப் பந்து வலையில் உராய்ந்து உரிய கட்டத்துள் வீழின், 'லெட்' எனக் கூறி மீண்டும் அடிப்பர். அதுவும் இத்தடைப்பொருளின் எச்சமே என்பர்.

இதனால் நாம் அறியத்தக்கது யாது? பழைய நூலிற் கடினமான சொல் வரின் அகராதியை நாடுவோம். பழகிய சொல் வரின் நாடாது கடந்து செல்வோம். பிழை புகுவது பெரும்பாலும் பழகிய சொல்லின் வாயிலாகவே. இன்றைய பொருளையே கொண்டு படிப்பவன், பவுல் கூறியதற்கு நேர்மாறானதை அவர் கூற்றாகக் கொள்வான். ஆதலின் ஆங்கில நூலாயினும் சங்க நூலாயினும், இடமும் காலமும் நோக்கிப் பொருள் காண்டலே கற்போர் கடன்.