‘வெயில்’ வாங்கியது தங்கத் தாமரையா, வெள்ளித் தாமரையா?

‘வெயில்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “அது நேஷனல் அவார்டு வாங்கின படமாச்சே” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உண்மைதான். ஆனால் அதையே “இந்தியாவின் சிறந்த படம்” என்று ஸ்டேட்டஸில் போட்டால் தப்பாகிவிடும். இரண்டும் வேறு வேறு விருதுகள்.

விருதுநகரில் பிறந்த வசந்தபாலன் தன் ஊரிலேயே கதையை வைத்து எடுத்த படம் இது. தயாரித்தவர் இயக்குநர் ஷங்கர். 2006 டிசம்பரில் வெளியானது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு எம்.ஜி.ஆர். படம் பார்க்கப் போகிறான் ஒரு பையன். தியேட்டரிலேயே அப்பாவிடம் மாட்டிக்கொள்கிறான். அப்பா அவனை வீட்டுக்கு இழுத்து வந்து, துணியை உருவிக் கொளுத்தும் வெயிலில் போட்டு அடிக்கிறார். அந்த அவமானத்தில் வீட்டை விட்டு ஓடியவன் போய்ச் சேரும் இடமும் ஒரு சினிமா தியேட்டர்தான். மழை குறைந்த இந்தக் காய்ந்த வானிலைதான் சிவகாசி வட்டாரத்துக்குத் தீப்பெட்டியையும் பட்டாசையும் கொண்டு வந்தது. பிழைப்பு கொடுக்கும் அதே வெயிலைத்தான் படம் தண்டனையாகக் காட்டியது.

இனி விருது விஷயம். தேசிய விருதில் உச்சம், ‘சிறந்த திரைப்படம்’. எல்லா மொழிப் படங்களும் மோதும் பிரிவு இது. இதற்குத் தங்கத் தாமரை. அதற்கு அடுத்து, ஒவ்வொரு மொழியிலும் சிறந்த படத்துக்குத் தனியாக வெள்ளித் தாமரை. 2006-ம் ஆண்டு படங்களுக்கான 54-வது விருதுகளில் ‘வெயில்’ வாங்கியது ‘சிறந்த தமிழ்ப் படம்’, அதாவது வெள்ளி. தங்கம் ‘புலிஜென்மம்’ என்ற மலையாளப் படத்துக்குப் போனது. இப்போதைய விதிப்படி தங்கத்துக்கு ரூ.3 லட்சம், வெள்ளிக்கு ரூ.2 லட்சம்.

வெள்ளிதானே என்று நினைக்க வேண்டாம். அந்த வருடம் போட்டியில் இருந்த இன்னொரு தமிழ்ப் படம் ‘பருத்திவீரன்’. அது தியேட்டருக்கு வந்ததே 2007 பிப்ரவரியில்தானே என்று கேட்கலாம். தேசிய விருதுக்கு ரிலீஸ் தேதி கணக்கில்லை, சென்சார் சான்றிதழ் தேதிதான் கணக்கு. அதனால்தான் பிரியாமணியின் சிறந்த நடிகை விருதும் ‘வெயில்’ விருதும் ஒரே பட்டியலில் இருக்கின்றன.

அப்படியானால் தங்கத்தைத் தமிழ்ப் படம் எத்தனை முறை தொட்டது? 1953 முதல் 2023 வரையிலான படங்களுக்கு 71 முறை விருது கொடுத்தாயிற்று. தமிழுக்குக் கிடைத்தது மூன்றே முறை. வங்காளம் 20-ஐத் தாண்டிவிட்டது. முதலாவது, 1990-ம் ஆண்டுக்கான விருதில் கே.எஸ்.சேதுமாதவனின் ‘மறுபக்கம்’. அது எந்தக் கதையிலிருந்து எடுக்கப்பட்டது தெரியுமா? இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சிவெயில்’! அடுத்து, நெசவாளர் கதையான பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’, 2007-ம் ஆண்டுக்கு. ‘வெயில்’ வெள்ளி வாங்கியதற்கு அடுத்த வருடமே. மூன்றாவது, 2020-க்கு சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’, நேராக ஓடிடியில் வந்த படம். 2021-க்கான தங்கம் மாதவனின் ‘ராக்கெட்ரி’க்குப் போனது. அதற்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஆனால் விருதுப் பட்டியலில் அது இந்திப் படம்; நம் கணக்கில் சேராது.

‘வெயில்’ கான் விழாவுக்குப் போனதே என்று ஒருவர் கேட்பார். போனது, 2007-ல். உலக நாடுகளின் சினிமாவைக் காட்டும் தனிப் பிரிவில் திரையிட்டார்கள். அது போட்டிப் பிரிவு இல்லை. அங்கே தங்கப் பனை விருதுக்கு வாய்ப்பே கிடையாது. கானின் உச்சப் பரிசை இந்தியப் படம் ஒன்று வாங்கியது ஒரே ஒரு தடவை: 1946-ல் சேத்தன் ஆனந்தின் ‘நீச்சா நகர்’, அதுவும் வேறு பல படங்களோடு பகிர்ந்து.

மொழிவாரி விருதில் தமிழின் கணக்கைத் தொடங்கி வைத்தது, 1954-ம் ஆண்டுக்கான வெள்ளிப் பதக்கம் வாங்கிய ‘மலைக்கள்ளன்’. ஹீரோ எம்.ஜி.ஆர்.! எம்.ஜி.ஆர். படம் பார்த்ததற்காக அடி வாங்கிய பையனின் கதையும் அதே வரிசையில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது.

க்விஸ் ஆட்களுக்கு இன்னொன்று. ஜி.வி.பிரகாஷ் இசையமைப்பாளராக அறிமுகமானது ‘வெயில்’ படத்தில். பின்னணி இசைக்காகத் தேசிய விருது வாங்கியது, தங்கம் வாங்கிய ‘சூரரைப் போற்று’ படத்துக்கு.