ஸ்டியரிங்குக்கு என்ன கோபம்?

காய்கறி வாங்கிவரக் காரை எடுக்கிறீர்கள். நேற்றுவரை ஒரு விரலுக்குப் பணிந்த ஸ்டியரிங் சக்கரம் இன்று ஆட்டுக்கல் மாதிரி அசைய மறுக்கிறது. டாஷ்போர்டில், சக்கரமும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியும் போட்ட சின்ன விளக்கு எரிகிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், "ஸ்டியரிங் மோட்டார் போய்விட்டது, அம்மா. முழு செட்டையும் மாற்றவேண்டியதுதான்" என்கிறார்கள். தொகையைக் கேட்டால் தலை சுற்றுகிறது.

சற்றுப் பொறுங்கள், சகோதரி! பணப்பையைத் திறக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன.

சக்கரம் திருப்ப ஒத்தாசை செய்யும் ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. 1951-ல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி இம்பீரியல் காரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் எண்ணெயின் அழுத்தம் வேலை செய்தது. 1988-ல் ஜப்பானின் சுஸுகி கம்பெனி செர்வோ என்ற குட்டிக் காரில் மின்சார மோட்டாரை வைத்தது. இன்று நம் ஊர்ச் சிறிய கார்களில் பெரும்பாலும் இருப்பது இந்த மின்சார ஒத்தாசைதான்.

ஸ்டியரிங் தண்டுக்குள் ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. நீங்கள் சக்கரத்தைத் திருப்பும்போது அது இம்மியளவு முறுக்கிக்கொள்ளும். அதை ஒரு சென்சார் அளந்து, சிறிய கம்ப்யூட்டர் பெட்டிக்குச் சொல்லும். காரின் வேகமும் அந்தப் பெட்டிக்குத் தெரியும். இரண்டையும் பார்த்து, மோட்டார் எவ்வளவு உதவவேண்டும் என்று அது தீர்மானிக்கும். வரும் தகவலில் சந்தேகம் தட்டினால், தாறுமாறாக உதவுவதைவிடச் சும்மா இருப்பதே மேல் என்று மோட்டாரை நிறுத்தி, விளக்கை ஏற்றிவிடும். சக்கரத்துக்கும் டயருக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை, வண்டி திரும்பும். என்ன, தோள்தான் நோகும்!

ஆக, விளக்கு எரிந்தால் பெட்டிக்கு எதிலோ நம்பிக்கை போய்விட்டது என்று மட்டுமே அர்த்தம். எதில் என்பதைக் கண்டுபிடிப்பதல்லவா வைத்தியம்?

முதல் சந்தேகம் பாட்டரியின் மேல் விழட்டும். நிற்கிற வண்டியின் சக்கரத்தைத் திருப்ப மோட்டார் ஏராளமான மின்சாரம் இழுக்கும். பாட்டரி கிழடாகியிருந்தாலோ, அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ, எர்த் ஒயர் இளகியிருந்தாலோ போதும், பெட்டி முரண்டு பிடிக்கும். ஓய்ந்திருக்கும் நல்ல பாட்டரி 12.6 வோல்ட் காட்டவேண்டும்; எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 14. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் வீட்டில் கிரைண்டரைப் போட்டதும் விளக்கு மங்குகிறதே, அதுபோல, மோட்டார் இழுக்கும்போதுதான் குறை வெளிப்படும். ஆகையால் ஒருவர் சக்கரத்தைத் திருப்ப, இன்னொருவர் ஸ்டியரிங் பெட்டிக்கு வரும் ஒயரிலேயே அளக்கவேண்டும். பாட்டரியில் 14 இருந்து, பெட்டியில் மிகவும் குறைந்தால், குற்றவாளி நடுவிலுள்ள ஒயர்! ப்யூஸையும் பார்க்கச் சொல்லுங்கள். எலி கடித்த ஒயரும் நம் நகரங்களில் அபூர்வமில்லை.

விளக்கே எரியாமல் கனத்தால் மின்சாரத்தைத் திட்டாதீர்கள்; டயரில் காற்றைப் பாருங்கள். நெருக்கடியான இடத்தில் வண்டியை நிறுத்தச் சக்கரத்தைக் கோடி வரை பலமுறை திருப்பிய பிறகு கனத்தால், மோட்டார் சூடேறியிருக்கும். ஆறினால் தானே சரியாகும். பிரேக்குக்குரிய ஏ.பி.எஸ். விளக்கும் சேர்ந்து எரிந்தால், வேகத்தை அளக்கும் சென்சாரில் கோளாறு இருக்கலாம், ஸ்டியரிங் நிரபராதி.

டாஷ்போர்டுக்கு அடியில் ஒரு கருவியைச் செருகினால் பெட்டி குறித்துவைத்த எண்கள் தெரியும். 'ஸி' என்ற எழுத்தில் தொடங்குவது ஸ்டியரிங், பிரேக் வகையறா. 'யு' என்றால் பெட்டிகளுக்குள் பேச்சுவார்த்தை முறிவு. எஞ்சினை மட்டும் படிக்கும் மலிவுக் கருவிகளும் உண்டு. "கோளாறு ஒன்றும் காணோமே" என்றால், ஸ்டியரிங் பெட்டியைப் படித்தார்களா என்று கேளுங்கள். குறியை அழிக்குமுன் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறி தெருவைத்தான் காட்டும்; வீட்டு நம்பரைக் காட்டாது. சென்சார் என்று வந்தால் சென்சாரும் கெட்டிருக்கலாம், அதற்குப் போகும் ஒயரும் கெட்டிருக்கலாம்.

ஒன்றில் மட்டும் சிக்கனம் பார்க்கவேண்டாம். சக்கரம் ஒரு பக்கம் லேசாகவும் மறு பக்கம் கனமாகவும் இருந்தாலோ, கையை மீறித் தானே இழுத்தாலோ, முறுக்கை அளக்கும் சென்சார் பொய் சொல்கிறதோ என்று அஞ்சவேண்டும். வண்டியை ஓட்டாமல், இழுத்துப்போக ஏற்பாடு செய்யுங்கள்.

பழுது பார்த்த வண்டியை வாங்கும்போது சாவியை நீங்களே திருப்புங்கள். விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணையவேண்டும். பாட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், சில கார்களில் சக்கரத்தை இரு கோடிக்கும் ஒருமுறை திருப்பிய பிறகே அணையும். முன்பெல்லாம் சாவி போட்டதும் எரிந்த விளக்கு இப்போது எரியவே இல்லையென்றால், அதன் இணைப்பைத் துண்டித்துவிட்டார்களா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள்.