தொலைவிலிருந்து வரும் அலை

நுழையும்முன்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சேத்தூரில் அலையோசை கேட்பதில்லை. எனினும், ஆனி, ஆடி மாதங்களில் அவ்வூரில் மலை கடந்து வீசும் காற்று, அரபிக்கடலைக் கடந்து வந்த தென்மேற்குப் பருவக்காற்றே ஆகும். அதே பருவக்காற்று குமரிமாவட்டக் கடற்கரையில் அலைகளை உயர்த்துகிறது. காற்று மாறினால் அலை மாறும். அலை மாறினால் கரை மாறும். இத்தொடர்பை இப்பாடம் விளக்குகிறது.

அலையின் பிறப்பு

கடலின்மேல் வீசும் காற்று தன் ஆற்றலின் ஒரு பகுதியை நீருக்கு அளிக்கிறது. காற்றின் வேகம், அது வீசும் நேரம், வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் அலையின் அளவை முடிவு செய்கின்றன. அலை நகரும்போது நீர் அதனுடன் நெடுந்தொலைவு செல்வதில்லை. நெல்வயலில் காற்று வீசும்போது பயிர் நின்ற இடத்திலேயே அசைய, அசைவு மட்டும் வயல் முழுவதும் ஓடுவதை இதற்கு ஒப்பிடலாம்.

அலைகள் இருவகைப்படும். அருகில் வீசும் காற்றால் எழுவது ஒருவகை. தொலைக்கடல் புயலில் பிறந்து, புயல் ஓய்ந்த பின்னும் பயணம் செய்வது மற்றொரு வகை. இரண்டாம் வகையைத் தொலைவலை எனலாம்.

கள்ளக்கடல்

காற்றோ மழையோ இல்லாத நாளில் கடல் திடீரெனப் பொங்கிக் கரையேறுவதைத் தென்கோடிக் கடற்கரை மீனவர்கள் ‘கள்ளக்கடல்’ என்றனர். கள்வனைப்போல் அறிவிப்பின்றி வருவதால் அமைந்த பெயர் இது. யுனெஸ்கோ 2012இல் இச்சொல்லை அறிவியல் வழக்குக்கு ஏற்றது.

2024 ஏப்ரல் இறுதியில், ஏறத்தாழ 10,000 கிலோமீட்டருக்கு அப்பால் தென் அட்லாண்டிக் கடலில் உருவான தாழ்வழுத்தம் தெற்கு இந்தியப் பெருங்கடலை அடைந்தது. அது எழுப்பிய அலைகள் மே முதல் வாரத்தில் தமிழக, கேரளக் கரைகளை எட்டின. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்னரே எச்சரித்திருந்தது. ஆயினும் மே 6 அன்று குமரிமாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர்.

நெடுங்கால மாற்றம்

ஓர் ஆண்டின் மழையைக்கொண்டு ஓரிடத்தின் காலநிலையைக் கூற இயலாது. அலையும் அவ்வாறே. அதன் உயரம், திசை, ஓர் அலைமுகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட நேரம் ஆகியவற்றைப் பல பத்தாண்டுகள் பதிவு செய்தே மாற்றத்தை அறிய முடியும்.

1985 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்த மெல்போர்ன் பல்கலைக்கழக அறிஞர்கள், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்பெருங்கடலில் பேரலைகளின் உயரம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், அதாவது 5 விழுக்காடு, கூடியிருப்பதாக 2019இல் வெளியிட்டனர். இது சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால், அலையின் ஆற்றல் உயரத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், உயரம் 5 விழுக்காடு கூடும்போது ஆற்றல் 10 விழுக்காட்டுக்குச் சற்று மிகுதியாகக் கூடுகிறது. தமிழகத்தின் தென்கரையை அடையும் தொலைவலைகள் பலவற்றின் பிறப்பிடம் அத்தென்கடலே.

மணலின் பாதை

கரையைச் சாய்வாகத் தாக்கும் அலைகள் மணலைக் கரையோரமாக நகர்த்துகின்றன. சோழமண்டலக் கரையில் தென்திசை அலைகள் ஆண்டின் பெரும்பகுதியில் மணலை வடக்கே கொண்டுசெல்கின்றன. வடகிழக்குப் பருவத்தில் சிறிதளவு தெற்கே திரும்புகிறது. 1876இல் சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்ப் பணி தொடங்கியபின் வடக்கு நோக்கிய பாதை தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்துக் குறைந்து இராயபுரம் கரை அரிக்கப்பட்டது. மனிதர் கட்டிய சுவர் ஒருபுறம் இருக்க, அலையின் திசையே மாறினாலும் மணலின் பாதை மாறும். எனவே, கரையரிப்பின் காரணத்தை அறிய இவ்விரண்டையும் பிரித்து ஆராய்தல் வேண்டும்.

அறிவும் பட்டறிவும்

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அறிந்தவர்கள் தமிழக மீனவர்கள். இன்று கடல் மிதவைகளும் செயற்கைக்கோள்களும் அவர்களுடைய பட்டறிவுக்குத் துணைநிற்கின்றன. கள்ளக்கடலுக்குப் பெயரிட்டது மீனவர் பட்டறிவு. அதன் வருகையை முன்கூட்டிச் சொல்வது அறிவியல். அவ்வெச்சரிக்கை விடுக்கப்பட்ட நாளில், அமைதியாகத் தோன்றும் கடலிலும் கால் வைக்காதிருப்பதே அவ்விரண்டிலிருந்தும் கரைக்கு வருவோர் கற்க வேண்டிய முதற்பாடம்.