சாம்பல்தானே என்று நினைத்தேன்



போன மாதக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, இயற்கை விவசாயத்துக்கு இப்போதுதான் மாறியிருக்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "ஐயா, அனல் மின் நிலையத்துச் சாம்பல லோடு லோடா சும்மா குடுக்காங்க. பள்ளத்த மேடாக்கலாம், மண்ணுக்கும் நல்லதுன்னு சொல்லுதாங்க. கொட்டலாமா?"

"வேண்டாம் தம்பி" என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். ஏன் வேண்டாம் என்று விளக்க அன்றைக்கு நேரமில்லை. அதற்குத்தான் இந்தக் கட்டுரை. படித்துத் தெரிந்துகொண்டதைவிட, அந்தத் தப்பை நானே செய்துவிட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

பன்னிரண்டு லோடு

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், மில்லர்புரத்து வீட்டிலிருந்து பைக்கில் போய்வரும் தூரத்தில், கோரம்பள்ளம் குளத்துப் பாசனத்தில் மூன்று ஏக்கர் வாங்கினேன். நாட்டு வாழையும் கொஞ்சம் காய்கறியும் வைத்தேன். வடகிழக்கு மூலை மட்டும் பள்ளம். மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

2019-இல் ஒரு லாரித் தரகர் வந்தார். "அண்ணாச்சி, சாம்பல் சும்மா தாரோம். வண்டிக் கூலி மட்டும் குடுங்க. செம்மண் அடிச்சா எம்புட்டு ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். கணக்குப் போட்டே வாழ்ந்தவன் ஆச்சே! செம்மண்ணுக்கு ஆகும் செலவில் கால்வாசிகூட ஆகவில்லை. பன்னிரண்டு லோடு அடித்துப் பரப்பி, மேலே ஓரடி மண் போட்டு மூடிவிட்டேன்.

மனசுக்குள் ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. ஆனால் சின்ன வயசில் எங்க அம்மா அவரைக்கொடியில் அசுவினி விழுந்தால் அடுப்புச் சாம்பலை அள்ளித் தூவுவாள். சாம்பல்தானே, மண்ணுக்குப் பழகினதுதானே என்று சமாதானம் செய்துகொண்டேன். நான் ஏமாந்த இடம் அதுதான்.

அடுப்புச் சாம்பல் வேறு, நிலக்கரிச் சாம்பல் வேறு

விறகுச் சாம்பல், மரம் தன் ஆயுளில் மண்ணிலிருந்து எடுத்த சத்தின் மிச்சம். அதில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் நிறைய இருக்கும். பொட்டாஷுக்குத் தமிழில் சாம்பல்சத்து என்று பேர் வந்ததே அதனால்தான்.

நிலக்கரிச் சாம்பல் அப்படியல்ல. நிலக்கரியோடு கலந்திருந்த கல்லும் மண்ணும் எரிந்து மிஞ்சியது அது. பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும் இரும்பும். கூடவே ஆர்சனிக், செலினியம், காரீயம், குரோமியம், போரான் போன்றவை சிறிய அளவில் இருக்கும். நம் நாட்டு நிலக்கரியில் நூறு கிலோ எரித்தால் 30 முதல் 45 கிலோ வரை சாம்பல் மிஞ்சும். நூறு கிலோவில் பரவியிருந்த உலோகங்களில் புகையோடு ஆவியாகிப் போனது போக மற்றதெல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடங்கிவிடுகிறது. பால் சுண்டினால் இனிப்பு ஏறுகிற மாதிரி, இங்கே நஞ்சு ஏறுகிறது.

மண்ணுக்கு வேண்டிய தழைச்சத்து இதில் இல்லை. அங்ககக் கரிமமும் இல்லை. பவுடர் மாதிரி நைசாக இருப்பதால் மண்ணின் காற்றறைகளை அடைக்கும். சுண்ணாம்பும் ஈரமும் சேர்ந்தால் இறுகும் குணம் உண்டு. சிமெண்ட் ஆலைகள் இதைக் கேட்டு வாங்குவதே அந்தக் குணத்துக்காகத்தான். சுவருக்கு நல்லது வேருக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. போரான், பயிருக்குத் துளியளவு வேண்டிய நுண்ணூட்டம். அளவு மிஞ்சினால் இலை ஓரம் கருகும். புளிப்பு மண்ணுக்கு இந்தச் சாம்பல் உதவும் என்று சில ஆராய்ச்சிகள் உண்டு. நம் பக்கம் மண்ணே களர், தண்ணீரே உப்பு. அதன்மேல் காரத்தன்மையுள்ள சாம்பலைக் கொட்டுவது, காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்துகிற கதை.

இரண்டாம் வருஷமே அந்த மூலையில் வாழை குத்துக்கால் போட்டு உட்கார்ந்துவிட்டது. மண் பரிசோதனையில் மற்ற இடத்தில் பி.எச். 8.1. அங்கே 9-ஐத் தொட்டிருந்தது. அப்போதும் "ஒரு மூலைதானே" என்று விட்டுவிட்டேன்.

வெள்ளம் வந்த இரவு

2023 டிசம்பர் 17, 18 நம் மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ஸ்ரீவைகுண்டம் வடகாலின் கடைமடையான கோரம்பள்ளம் குளம் உடைந்தது. தண்ணீர் வடிந்து நான் வயலுக்குப் போனபோது, மூடியிருந்த மண் அரித்துப் போய், சாம்பல் பாதிக்கு மேல் காணோம். எங்கே போச்சு என்று தேட வேண்டியிருக்கவில்லை. கீழ்வயலில் கீரை போட்டுப் பிழைக்கும் அம்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்க சாம்பலு எம் பாத்தியில வந்து படுத்துக் கெடக்கு, பாத்தியளா?"

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. சிமெண்ட் பூசியதுபோலச் சாம்பல் நிறத்தில் அவர்கள் பாத்தி முழுக்கப் படிந்து கிடந்தது. ஒரு சொல்லும் எனக்கு வாய்க்கு வரவில்லை. நான் மிச்சம் பிடித்த மண் செலவு, அந்த அம்மா தலையில் போய் விழுந்திருந்தது.

மலையில் தொடங்கும் கதை

மேலே இருப்பவன் கொட்டியது கீழே இருப்பவன் வயலில் இறங்குகிறது. நிலக்கரிக் கழிவின் கதை உலகம் முழுக்க இதுதான். அமெரிக்காவில் அப்பலாச்சிய மலைப்பகுதியில் சுரங்கம் குடைவதற்குப் பதிலாக மலை உச்சியையே வெடி வைத்துத் தகர்த்து நிலக்கரி எடுக்கிறார்கள். தகர்த்த பாறையும் மண்ணும் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டப்படும். பள்ளத்தாக்கு என்றால் அதில் ஓடை இருக்குமே! ஓடையின் இருபுறமும் நூறு அடிக்குள் சுரங்க வேலை கூடாது என்று 1983-இல் ஒரு விதி இருந்தது. 2002-இல் சுரங்கக் கழிவையும் நீர்நிலையில் நிரப்பக்கூடிய பொருள் என்று கொள்ள வழி செய்தார்கள். 2008 டிசம்பரில் அந்த நூறு அடி விதியையே தளர்த்தினார்கள். 2016 டிசம்பரில் புதிய ஓடைப் பாதுகாப்பு விதி வந்தது. இரண்டே மாதத்தில், 2017 பிப்ரவரியில், அதை ரத்து செய்தார்கள். அதற்குள் சுமார் 2,000 மைல் நீள ஓடைகள் புதைந்தோ சிதைந்தோ போயிருந்தன. புதைந்த ஓடையிலிருந்து கசியும் செலினியம் கீழே இருக்கும் ஆற்று மீன்களின் குஞ்சுகளை ஊனமாக்குகிறது.

"அது அமெரிக்கா, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நம் தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கு ஒடிசா நிலக்கரி பாரதீப்பிலிருந்து கப்பலில் வருகிறது. தூரம் போகும் நிலக்கரியைச் சுரங்கத்துப் பக்கமே கழுவி, சாம்பல் 34 சதவீதத்துக்குள் இருக்கும்படி அனுப்ப வேண்டும் என்று மத்திய அரசு 2014 ஜனவரியில் விதி போட்டது. படிப்படியாக 500 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள நிலையங்களுக்கெல்லாம் அது பொருந்தியது. 2020 மே 21-இல், ஊரடங்கில் நாம் எல்லோரும் வீட்டுக்குள் இருந்த நேரத்தில், அந்த விதியை எடுத்துவிட்டார்கள். கழுவினாலும் கழிவு உண்டு என்பது உண்மைதான். ஆனால் கழுவாத கல்லும் மண்ணும் கப்பலேறி நம் ஊருக்கு வந்து, எரிந்து, இங்கேயே சாம்பலாகத் தங்கும்.

எவ்வளவு தங்கும்? தலா 210 மெகாவாட்டில் ஐந்து அலகு, மொத்தம் 1,050 மெகாவாட். எல்லாம் முழுதாக ஓடினால் ஒரு நாளைக்கு சுமார் 2.5 கோடி யூனிட். யூனிட்டுக்கு சுமார் 700 கிராம் நிலக்கரி என்று வைத்தால் 17,600 டன். அதில் 35 சதவீதம் சாம்பல் என்றாலே ஒரு நாளைக்கு 6,000 டன்னுக்கு மேல். பதினைந்து டன் லாரியில் நானூறு லோடு! இது ஒரு நிலையத்தின் கணக்கு. நம் கரையில் வேறு நிலையங்களும் இருக்கின்றன.

தவணை நீட்டிப்பு

வங்கியில் ஒரு பழக்கம் உண்டு. கடன்காரர் கட்ட முடியாமல் திணறினால் தவணையைத் தள்ளி எழுதுவோம். ஏட்டில் கணக்கு ஆரோக்கியமாகத் தெரியும். மறுபடி தள்ளுவோம். கடைசியில் தள்ளுபடி. சாம்பல் விதிகளைத் தேதிவாரியாக எழுதிப் பார்த்தபோது எனக்குப் பழைய லெட்ஜரைப் புரட்டுகிற மாதிரியே இருந்தது.

1999 செப்டம்பரில் வந்த முதல் அறிவிக்கை, பழைய நிலையங்கள் 15 வருஷத்துக்குள் சாம்பல் முழுவதையும் பயன்பாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றது. 2009-இல் திருத்தி, ஐந்து வருஷத்துக்குள் என்றார்கள். நடக்கவில்லை. 2016-இல் மறுபடி திருத்தி 2017 டிசம்பர் 31 என்றார்கள். அதுவும் போனது. 2021 டிசம்பர் 31-இல் வந்த அறிவிக்கை, 2022 ஏப்ரலிலிருந்து மூன்று வருஷச் சுற்று என்று புதுக் கணக்குத் திறந்தது. குளங்களில் தேங்கிய பழைய சாம்பலுக்குப் பத்து வருஷ அவகாசம். நல்லதும் ஒன்று உண்டு: மிஞ்சும் சாம்பலுக்கு டன்னுக்கு 1,000 ரூபாய் இழப்பீடு என்று வைத்தார்கள்.

புகையிலும் இதே கதைதான். 2015 டிசம்பரில் கந்தக டை ஆக்சைடுக்கு வரம்பு வைத்து, இரண்டு வருஷம் கெடு கொடுத்தார்கள். கெடு 2022-க்குப் போனது, அதற்கப்புறமும் தள்ளிப் போனது. 2025 ஜூலையில் நாட்டின் அலகுகளில் முக்கால் பங்குக்கும் மேல் கந்தகம் நீக்கும் கருவியே கட்டாயமில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டார்கள். இதற்கு எங்கள் வங்கியில் தள்ளுபடி என்று பேர்.

வங்கித் தள்ளுபடியில் நஷ்டம் வங்கிக்கு. இங்கே நஷ்டம் யாருக்கு? 2020 ஏப்ரல் 10-இல் மத்தியப் பிரதேசம் சிங்ரௌலியில், சாசன் மின் நிலையத்தின் சாம்பல் குளக்கரை உடைந்து ஆறு பேர் இறந்தார்கள். விளைந்து நின்ற பயிர் சேற்றுக்குள் போனது. எண்ணூரில் சாம்பல் குழாய்க் கசிவால் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நம் ஊரில் வடிகிற தண்ணீர் சேருமிடம் மன்னார் வளைகுடா. சிப்பி, தண்ணீரை வடிகட்டித் தின்று வாழும் உயிர். நைசான தூசி அதன் வாயில்தான் முதலில் விழும்.

ஏட்டில் 'பயன்பாடு'

முக்கியமான விஷயம் இது. சாம்பலில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் பயன்படுத்தப்பட்டுவிட்டதாக இப்போது நாட்டுக் கணக்கு சொல்கிறது. சிமெண்ட்டிலும் செங்கல்லிலும் போனது உண்மையான பயன்பாடு. கட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கும். ஆனால் தாழ்வான நிலத்தை நிரப்புவதும் அதே கணக்கில் ஒரு தலைப்பு. என் வடகிழக்கு மூலையில் விழுகிற சாம்பலும் ஏட்டின்படி 'பயன்பாடு'. அந்த அம்மாவின் கீரைப் பாத்திக்கு எந்தப் பத்தியிலும் இடமில்லை.

விவசாயத்துக்குச் சாம்பல் போடவும் 2021 அறிவிக்கை இடம் தருகிறது. ஆனால் கட்டுப்பாட்டோடு, மண் பரிசோதனை செய்து என்ற நிபந்தனையோடு. லாரித் தரகர் முதல் பாதியை மட்டும்தான் சொல்லுவார்.

என்ன செய்யலாம்?

சாம்பல் தருகிறோம் என்று வந்தால் எந்த நிலையத்துச் சாம்பல், யார் மண் பரிசோதனை செய்தது, அறிக்கை எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அத்தோடு திரும்பி வரமாட்டார்கள். பள்ளத்தை மேடாக்க வேண்டுமானால் குளத்து வண்டலுக்கு மனு போடுங்கள். ஓடையிலோ குளத்து உள்வாயிலோ சாம்பல் விழுந்தால் போட்டோ எடுத்து, கிராமசபையில் தீர்மானம் போட்டு, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஏற்கெனவே கொட்டியிருந்தால் மறைக்காதீர்கள். நான் என் மூலையில் மிஞ்சியதையும், கீழ்வயலில் சுரண்டி எடுத்ததையும் செங்கல் சூளைக்கு அனுப்பினேன். வண்டிக் கூலி என்னுடையது. அந்தப் பாத்திகளுக்கு என் செலவில் வண்டலும் தொழுவுரமும் அடித்துக் கொடுத்தேன். என் மூலையில் இப்போது வெட்டிவேரும் வேம்பும்தான். சாப்பிடுகிற எதையும் அங்கே நடுவதில்லை. வருஷா வருஷம் மண் பரிசோதனை செய்கிறேன். பி.எச். மெதுவாக இறங்குகிறது.

அந்த அம்மா இந்த வருஷம் மறுபடி அரைக்கீரை விதைத்திருக்கிறார்கள். போன வாரம் ஒரு கட்டு பிடுங்கிக் கொடுத்தார்கள். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். அதுவரை நான் கொடுத்த எதற்கும் அவர்கள் கணக்கு முடிந்தது என்று சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை.