உங்களுக்குத் தெரியுமா? ஊர் சுற்றும்போது பணம் பத்திரம்!

● நம்மூரில் வாங்கிய ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, வெளிமாநில எண்களில் போஸ்ட்பெய்டுக்கு மட்டும்தான் அங்கே ரோமிங். ஸ்ரீநகரில் விமானத்தை விட்டு இறங்கியதும் சிக்னல் போகும். அதோடு ஓடிபியும் போகும். ஓட்டல் வைஃபை இருக்கும்வரை ஜிபே ஓடலாம். குல்மார்க்கில் குதிரைக்காரருக்குக் கொடுக்க நோட்டுதான் வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே, குடும்பத்தில் ஒருவருடைய எண்ணையாவது போஸ்ட்பெய்டுக்கு மாற்றிவிடுங்கள். தால் ஏரியில் ஒரு படகு வீட்டில் ஸ்டேட் வங்கி 2021இல் மிதக்கும் ஏடிஎம்மே திறந்தது. ஆனால் செலவுக்கான பணத்தை ஸ்ரீநகர் ஊருக்குள்ளேயே எடுத்துக்கொண்டு மலையேறுவதுதான் நல்லது.

● இதே சிக்கல் மதுரையிலும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, திருமலையிலும் அப்படித்தான். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. போனை வெளியே ஒப்படைத்துவிட்டு உள்ளே போனால் அர்ச்சனைச் சீட்டு, பிரசாதம், தட்டுக் காசு எல்லாவற்றுக்கும் பர்ஸ்தான் துணை. பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் தனியாக இருக்கட்டும்.

● பத்து ரூபாய் நாணயம் 2018க்குள்ளேயே 14 வடிவங்களில் வந்துவிட்டது; அத்தனையும் செல்லும். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே இதைத் தெளிவாக அறிவித்துவிட்டது. ஆனாலும் சில ஊர்களில் பஸ்ஸிலும் டீக்கடையிலும் 'இது செல்லாதுங்க' என்று திருப்பிக் கொடுக்கிறார்கள். வெளியூர்க்காரர் வாதாடி நேரத்தை இழக்கிறார். 14440 என்ற இலவச எண்ணுக்கு அழைத்தால் ரிசர்வ் வங்கியே பதிவுசெய்த குரலில் விளக்கம் சொல்லும்.

● ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டதா? 5 நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பிப் போட வேண்டும். தவறினால் அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. வெளியூர் ஏடிஎம்மாக இருந்தால் திரும்பிப் போய் விசாரிக்க முடியாது. அதனால் சீட்டு வந்தால் கசக்கிப் போடாதீர்கள். வராவிட்டால் திரையையும் ஏடிஎம் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

● கோலாலம்பூரில் ஒரு ஜவுளிக்கடை. கார்டைச் செருகியதும் மெஷினின் சின்னத் திரையில் இரண்டு தொகைகள் வருகின்றன: ஒன்று ரிங்கிட்டில், இன்னொன்று ரூபாயில். 'ரூபாய்ல போடவா சார்?' என்று கடைக்காரர் கரிசனத்தோடு கேட்பார். நம் பணம், நமக்குப் புரியும் கணக்கு என்று தலையாட்டிவிடுகிறோம். பணம் கரைவது அந்த இடத்தில்தான். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது நம் வங்கி அல்ல, அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அது தன் லாபத்தையும் சேர்த்துத்தான் விகிதம் போடும். சில வங்கிகள் இப்படி மாற்றியதற்கென்று தனியாக வேறு கட்டணம் பிடிக்கின்றன. எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். வெளிநாட்டு ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், பதிலும் இதேதான்.

● சாதாரண கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்த்தால் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 50,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கி 3.5 சதவீதம் பிடித்தால் 2,065 ரூபாய் கூடுதலாகப் போகும். தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் வாங்குகிறார்கள். அங்கே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது வீண். எடுப்பதை ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள்.

● உங்கள் கையில் இருக்கும் கார்டு வெளிநாட்டில் வேலை செய்யாமல் போகலாம். 2020 அக்டோபரிலிருந்து, புதிதாகத் தரும் கார்டுகளில் உள்நாட்டு ஏடிஎம்மும் கடை மெஷினும் மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாடு, ஆன்லைன், தொட்டுச் செலுத்தும் வசதி மூன்றையும் நாமேதான் வங்கிச் செயலியில் திறக்க வேண்டும். திறக்கும்போதே நாள் வரம்பையும் குறைத்து வைக்கலாம். ஊர் திரும்பியதும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

● டிராவலர்ஸ் செக் பிறந்த கதை சுவையானது. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் தலைவர் ஜே.சி. ஃபார்கோ ஐரோப்பாவுக்குப் போனார். கையில் வங்கிக் கடிதம் இருந்தும், பெரிய நகரங்களைத் தாண்டியதும் அதைக் காட்டிப் பணம் வாங்க முடியவில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் தலைவருக்கே அந்த நிலை என்றால் மற்றவர்கள் கதி? ஊர் திரும்பியதும் தன் ஊழியர் மார்செல்லஸ் பெர்ரியிடம் வழி கண்டுபிடிக்கச் சொன்னார். 1891இல் வந்தது டிராவலர்ஸ் செக். வாங்கும்போது ஒரு கையெழுத்து, மாற்றும்போது காசாளர் கண்ணெதிரே இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒத்துப்போனால்தான் பணம். திருடியவனால் எளிதில் மாற்ற முடியாது, தொலைத்தவருக்குப் பணம் திரும்பக் கிடைக்கும். பர்ஸ் தொலைந்தாலும் பணம் தொலையாது என்ற ஏற்பாடு பயணிகளுக்கு எத்தனை நிம்மதியைத் தந்திருக்கும்! அதன் இடத்தில் இன்று, வெளிநாட்டுப் பணத்தை முன்பே நிரப்பிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டு இருக்கிறது. பல வங்கிகள் கூடவே ஒரு மாற்றுக் கார்டும் தருகின்றன. அந்த இரண்டையும் ஒரே பர்ஸில் வைத்தால் மாற்றுக் கார்டு எதற்கு?

● இந்தியாவை விட்டுக் கிளம்பும்போது 25,000 ரூபாய் வரைதான் நம் நோட்டாகக் கொண்டுபோகலாம். திரும்பி வந்து டாக்ஸிக்குக் கொடுக்க அது போதும்.

● இலங்கையில் 2024 பிப்ரவரி 12 முதல் நம்மூர் யுபிஐயில் பணம் கட்டலாம். மொரிஷியஸிலும் அதே நாளில் தொடங்கியது. பூட்டானில் 2021லேயே வந்துவிட்டது. யாழ்ப்பாணமோ கண்டியோ போகிறவர்கள், செயலியில் சர்வதேசப் பரிவர்த்தனையைத் தங்கள் கணக்குக்குத் திறந்திருக்கிறார்களா என்று புறப்படும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

● பயணத்தின் நடுவே போன் உடைந்து புதுப் போன் வாங்கினால், அதில் யுபிஐயைப் பதிவு செய்த முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். ஓட்டல் பில் அதற்கு மேல் இருந்தால் கார்டு கைகொடுக்கும்.

● தங்க நகையோடு வெளிநாட்டுக் கல்யாணத்துக்குப் போகிறீர்களா? புறப்படும்போதே விமான நிலைய சுங்க அதிகாரியிடம் நகைகளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கலாம். திரும்பி வரும்போது 'இது இங்கிருந்து கொண்டுபோனதுதான்' என்று நிரூபிக்க அந்தக் காகிதம் உதவும். வரிசையில் நிற்க நேரமாகும். ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

● ஓட்டல் பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தனி வரி இருந்தால் நீக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2022இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அது சரிதான் என்றது. பரிமாறியவருக்கு அன்போடு கையில் கொடுப்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகக் கொடுங்கள்.

● கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட் என்ற பெயரில் போலி இணையதளங்கள் நடக்கின்றன. கேதார்நாத் உள்ளிட்ட சார்தாம் தலங்களுக்குப் போகும் யாத்ரிகர்களை உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் பிரிவே 2025 ஏப்ரலில் எச்சரித்தது. கூகுளில் முதலில் வரும் விளம்பரம், வாட்ஸ்அப்பில் கூப்பிடும் இனிய குரல், 'இன்னும் நாலு சீட்தான்' என்ற அவசரம் எல்லாம் அங்கே உண்டு. வாழ்நாள் சேமிப்பில் ஒரு பங்கை எடுத்துவைத்து யாத்திரை கிளம்பும் வயதானவர்களும் இதில் சிக்கலாம் என்று நினைக்கும்போது மனம் கொதிக்கிறது. ஐஆர்சிடிசி நடத்தும் 'ஹெலியாத்ரா' தளம்தான் அதிகாரபூர்வமானது. அப்பா, அம்மாவுக்கு நீங்களே உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள்.

● இப்படி இணைய மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. மோசடிப் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். எங்காவது நின்றிருக்கும்போது பிடித்தால் முடக்கலாம். வங்கிக்கும் உடனே சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்து 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் நஷ்டம் உங்கள் தலையில் விழாது. ஏமாந்து ஓடிபியைச் சொல்லிவிட்டாலும், வங்கிக்குத் தகவல் தந்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. வெட்கப்பட்டு ஊர் திரும்பும்வரை மறைக்க வேண்டாம்.

● பாட்டிமார் சுருக்குப்பையை இடுப்பில் செருகி, வழிச்செலவுக்கு மட்டும் முந்தியில் முடிந்து வைத்திருப்பார்கள். கூட்டத்தில் பெரிய பையை வெளியே எடுக்கவே மாட்டார்கள். திருப்பதி வரிசைக்கும் பாங்காக் சந்தைக்கும் இன்றும் இதைவிட நல்ல முறை இல்லை: அன்றைய செலவு சட்டைப் பையில், மீதி உடம்போடு ஒட்டிய பையில், ஒரு கார்டு அறையில், இன்னொன்று துணைவரிடம்.

● போன் திருடுபோனால் முதலில் முடக்க வேண்டியது சிம். ஓடிபி வருவது அதற்குத்தான். அடுத்து வங்கிக்குச் சொல்லிக் கார்டையும் யுபிஐயையும் நிறுத்துங்கள். பிறகு போலீஸ் புகார். அந்தப் புகார் நகலும் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐயும் இருந்தால் மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் போனையே எந்த சிம்முக்கும் வேலை செய்யாதபடி முடக்கலாம். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் இழப்பீடு கேட்கவும் அதே நகல் வேண்டும். இதற்கெல்லாம் தேவையான எண்கள் தொலைந்த போனுக்குள்ளேயே இருந்தால் பயனில்லை. வங்கியின் எண், சிம் நிறுவனத்தின் எண், ஐஎம்இஐ, வீட்டில் ஒருவருடைய எண் ஆகியவற்றை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். ஐஎம்இஐ தெரியாவிட்டால் இப்போதே போனில் *#06# அழுத்திப் பாருங்கள்.