சுவர்த்தாளை அகற்றிச் சாயம் பூசப்போகிறீர்களா? அவசரம் வேண்டாம்

தீபாவளி நெருங்கும்போது வீட்டுக்குப் புதுச் சாயம் பூசுவது நம்மில் பலருடைய வழக்கம். பல ஆண்டுகளுக்கு முன் ஆசையாக ஒட்டிய சுவர்த்தாள் இப்போது ஓரங்களில் உரிந்து கறுத்திருக்கலாம். அதைக் கிழித்துவிட்டு அன்றே சாயம் பூசிவிடலாம் என்று தோன்றும். ஆனால், தாளுக்குப் பின்னால் பழைய பசை, ஈரம், பூஞ்சை, சில வீடுகளில் பழைய சாயமும் இருக்கும். இவற்றைக் கவனிக்காமல் பூசும் சாயம் விரைவில் உரியும். மூத்தோருக்கு ஆபத்து அதிகம் வருவதும் சாயம் பூசுவதற்கு முந்தைய வேலைகளில்தான். எனவே, தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள்.

தாளை அகற்றும்போது

• சுவரை நனைப்பதற்கு முன் அந்த அறையின் மின்சாரத்தை முதன்மைப் பெட்டியில் அணைத்துவிடுங்கள். சுவரிலுள்ள மின்விசைகளில் நீர் இறங்கினால் மின்சாரம் தாக்கக்கூடும்.
• வெதுவெதுப்பான நீரைத் தாளில் தடவி, 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு அகலமான சுரண்டியால் மெதுவாக எடுங்கள். வலிந்து இழுத்தால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்துவிடும்.
• தாள் போன பிறகும் பசை ஒட்டியிருக்கும். சுவரை நனைத்து விரலால் தடவிப் பாருங்கள். வழுக்கினால் பசை மிச்சமிருக்கிறது. வழுக்கல் போகும்வரை ஈரத் துணியால் துடையுங்கள்.
• தரையில் சிந்திய நீரையும் தாள் துண்டுகளையும் உடனுக்குடன் அகற்றுங்கள். வழுக்காத காலணி அணிந்துகொள்ளுங்கள். வாளித் தண்ணீரை அன்றே கொட்டிவிடுங்கள். தேங்கிய நீரில் டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

ஈரமும் பூஞ்சையும்

சுவர் நன்றாக உலர வேண்டும். நம் ஊரின் ஈரக்காற்றில் இதற்குச் சில நாள்கள் ஆகலாம். ஓர் அடிச் சதுரமுள்ள பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உட்புறத்தில் நீர்த்துளிகள் இருந்தால் சுவரில் இன்னும் ஈரம் இருக்கிறது. பல நாள்களுக்குப் பிறகும் ஈரம் குறையாவிட்டால், குழாயோ மேல்வீட்டுத் தரையோ கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கசிவை நிறுத்தாமல் பூசும் சாயம் நிலைக்காது.

கறுப்பு அல்லது பச்சைப் புள்ளிகள் தென்பட்டால் அது பூஞ்சை. அதன் நுண்துகள்கள் ஆஸ்துமாவையும் ஒவ்வாமையையும் தூண்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, சவர்க்கார நீரால் துடைத்து உலரவிடுங்கள். ப்ளீச் திரவத்தைப் பயன்படுத்தினால் வேறு எந்தச் சுத்திகரிப்புத் திரவத்துடனும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகலாம். பூஞ்சை பெரிய பரப்பில் படர்ந்திருந்தால் அந்த வேலையை நிபுணர்களிடம் விடுங்கள்.

பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம்

சிங்கப்பூரில் சாயத்தில் இருக்கக்கூடிய ஈயத்தின் உச்ச அளவு 2022 ஜனவரி 1 முதல் 10 லட்சத்தில் 90 பங்காகக் குறைக்கப்பட்டது. அதற்கு முன் 600 பங்கு வரை இருக்கலாம். சுவர்த்தாளுக்கு அடியில் மறைந்திருக்கும் சாயம் அதைவிடப் பழையதாக இருக்கலாம். பார்வையால் ஈயத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, பழைய சாயத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, ஈரத் துணியால் துடையுங்கள். ஈயத் தூசு சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வேலை முடியும்வரை பேரப்பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்கு வர வேண்டாம். உண்பதற்கு முன் கைகளைக் கழுவுங்கள்.

சாயம் பூசும்போது

விரிசல்களையும் குழிகளையும் பட்டியால் நிரப்பி, உலர்ந்ததும் சமப்படுத்துங்கள். பிறகு ஒரு முறை பிரைமர், அதன்மேல் இரண்டு முறை சாயம் பூசுங்கள். பூச்சுகளுக்கு இடையே சாய டின்னில் குறிப்பிட்டுள்ள நேரம்வரை காத்திருங்கள். நீர் கலந்து பூசும், வாடை குறைந்த சாயமே வீட்டுக்குள் நல்லது. சாமான் அறையில் பல ஆண்டுகளாகக் கிடக்கும் பழைய டின்னைப் பயன்படுத்த வேண்டாம். சன்னல்களைத் திறந்து வையுங்கள். புகைமூட்ட நாள்களில் வேலையைத் தள்ளிப்போடுங்கள். தலைவலியோ மூச்சிறைப்போ ஏற்பட்டால் நிறுத்திவிட்டு வெளியே வாருங்கள்.

ஏணியில் ஏறாதீர்கள்

ரத்த அழுத்த மருந்து சாப்பிடுவோருக்கு அண்ணாந்து பார்க்கும்போதும் சட்டென எழும்போதும் தலைசுற்றலாம். நாற்காலி, முக்காலி மீதும் ஏற வேண்டாம். நீண்ட கம்பில் பொருத்திய ரோலரைத் தரையில் நின்றே பயன்படுத்துங்கள். கூரையோரத்தைப் பிள்ளைகளிடமோ சாயம் பூசும் பணியாளரிடமோ விட்டுவிடுங்கள். தனியாக வேலை செய்யாதீர்கள். அரை மணிக்கு ஒரு முறை உட்கார்ந்து நீர் அருந்துங்கள்.

ஆஸ்துமா, நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள் வேலையைத் தொடங்குமுன் குடும்ப மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ கேட்டுக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து சாப்பிடுவோர் விழுந்து தலையில் அடிபட்டால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடும் மூச்சுத் திணறல், மயக்கம் அல்லது எழ முடியாத நிலை ஏற்பட்டால் 995ஐ அழையுங்கள்.