திராட்சைத் தோட்டம் மக்கள் சோலையான வரலாறு

நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் அறிவோம். ஆகாபு அரசன் அதைத் தன் காய்கறித் தோட்டமாக்க விரும்பினான். அதற்காக ஒரு மாசற்றவனின் இரத்தம் சிந்தப்பட்டது. உரோமை நகரிலோ, பெருமக்களின் கையிலிருந்த ஒரு திராட்சைத் தோட்டம் எளியோரின் உடைமையாயிற்று. அதுவே இன்றைய போர்கேசே பூங்கா.

1605-இல் திருத்தந்தையான ஐந்தாம் சின்னப்பரின் சகோதரி மகன், கர்தினால் சிப்பியோனே போர்கேசே. தம் குடும்பத்தாரின் திராட்சைத் தோட்டத்தோடு அயல் நிலங்களையும் வாங்கிச் சேர்த்து, நகர மதிலுக்கு வெளியே பரந்ததொரு சோலையை அவர் அமைத்தார். அதன் நடுவே எழுந்த மாளிகையில் பெர்னீனியின் சிற்பங்களை இன்றும் காணலாம்.

வருவோர் அச்சமின்றி விரும்பிய இடமெல்லாம் உலாவலாம் என்றும், இவையெல்லாம் உரிமையாளரைவிட வெளியாருக்காகவே அமைக்கப்பட்டன என்றும் அங்கே இலத்தீனில் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக உரோமை மக்கள் அங்கு உலாவி இளைப்பாறினர்.

1885-இல் அப்போதைய போர்கேசே இளவரசர் வாயிற்கதவுகளை அடைத்தார். நிலம் அவருடையது; பத்திரமும் அவரிடம் இருந்தது. ஆயினும் நகராட்சி வழக்குத் தொடுத்தது. நெடுங்காலமாக மக்கள் துய்த்துவந்த பயன் அவர்களுடைய உரிமையே. அதை உரிமையாளரும் தடுத்தலாகாது என 1887-இல் உரோமை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1901-இல் இத்தாலிய அரசு அந்நிலத்தை விலைக்கு வாங்கியது. 1903-இல் அது நகராட்சியின் வசமாயிற்று. ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்புள்ள அச்சோலையில் இன்று குழந்தைகள் ஓடி விளையாடுகின்றனர்; முதியோர் மரநிழலில் அமர்கின்றனர்.

உலகின் நலன்கள் யாவும் எல்லா மாந்தருக்குமெனவே இறைவன் படைத்தார் என இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் போதித்தது. தனியுடைமையைத் திருச்சபை மறுப்பதில்லை. ஆனால் அதற்குச் சமூகக் கடமையும் உண்டு என்கிறது. 2016 ஏப்ரல் 24 அன்று, காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் முன்னறிவிப்பின்றி இதே பூங்காவுக்கு வந்து, அங்குக் கூடியிருந்தோரிடம் பாலைவனத்தைக் காடாக மாற்றும் பணியைப் பற்றிப் பேசினார்.

அன்பார்ந்த குடும்பங்களே, நம் கோவில் வளாகத்திலும் ஒரு மைதானம் இருக்கலாம். நம் வீட்டருகிலும் ஒரு நிழல்மரம் நிற்கலாம். அங்கு அடுத்த வீட்டுக் குழந்தை, அது எம்மதத்தைச் சேர்ந்ததாயினும், தயக்கமின்றி வந்து விளையாட இயலுகிறதா? கதவைப் பூட்டும் உரிமை நமக்குண்டு. ஆனால் ஆண்டவர் நம்மிடம் கணக்குக் கேட்கும் நாளில், பத்திரத்தையா காட்டப் போகிறோம்?